சிறுநீரகக் கல்லும் தாத்தாவின் தண்ணீர்க் குவளையும்

மாணவர்களே, அறிவியல் கூடத்தில் இந்தச் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். முகவையில் 100 மில்லிலிட்டர் நீரை எடுத்துக்கொண்டு, உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்க வேண்டும். ஏறக்குறைய 36 கிராம் வரை உப்பு மறைந்துகொண்டே போகும். அதற்கு மேல் கை வலிக்கக் கலக்கினாலும் உப்பு அடியில்தான் தங்கும். இதுதான் பூரிதக் கரைசல். பாடநூலில் 'லாருத்தான் தெப்பு' என்று நீங்கள் படித்தது. அந்தக் கரைசலைத் தட்டில் ஊற்றிச் சன்னலோரம் வைத்துவிட்டால், நீர் வற்ற வற்ற விளிம்பில் படிகங்கள் தோன்றும்.

சிறுநீரகக் கல் உருவாவதும் இதே சோதனைதான். முகவைக்குப் பதில் சிறுநீரகம். உப்புக்குப் பதில், பெரும்பாலும், கால்சியம் ஆக்சலேட். பத்துக் கற்களை எடுத்துச் சோதித்தால் ஏழு, எட்டுக் கற்களில் முதன்மைப் பொருள் இதுவாகத்தான் இருக்கும். மலாயில் இந்நோய்க்கு 'பத்து காராங்' என்று பெயர். காராங் என்றால் பவளப்பாறை. முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்லின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

இப்போது எண்களைக் கவனியுங்கள். 1 லிட்டர் நீரில் உப்பு 360 கிராம் கரையும். கால்சியம் ஆக்சலேட்டோ 1 லிட்டர் நீரில் சுமார் 7 மில்லிகிராம்தான் கரையும். ஓர் அரிசிமணியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்போடு ஒப்பிட்டால் 50,000 மடங்கு குறைவு.

உங்கள் இரு சிறுநீரகங்களும் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் 99 விழுக்காட்டை மீண்டும் இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. நீர் திரும்பிப் போய்விடுகிறது. கழிவுகள் அந்தச் சிறிய அளவுக்குள் நெருக்கப்படுகின்றன. பல வேளைகளில் நம் சிறுநீர் பூரித நிலையைத் தாண்டியே இருக்கிறது.

அப்படியானால் நம் எல்லாருக்கும் ஏன் கல் இல்லை? சிறுநீரில் காவலாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானது சிட்ரேட். அது கால்சியத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் ஆக்சலேட்டுக்கு இணை கிடைப்பதில்லை. மக்னீசியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது. சில புரதங்கள் படிகத்தின் மேல் ஒட்டி அதை வளரவிடாமல் தடுக்கின்றன. இவ்வளவையும் மீறி ஒரு சிறு படிகம் சிறுநீரகத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டால், பிறகு வருகிற ஒவ்வோர் அயனியும் அதன்மேல் உட்கார இடம் தேடும். கல் வளரத் தொடங்குகிறது.

"நிறைய தண்ணீர் குடி" என்று வீட்டில் சொல்வார்கள். நிறையக் குடித்தால் எவ்வளவு பயன் என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். நாம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளில் 200 மில்லிகிராம் கால்சியத்தையும் 30 மில்லிகிராம் ஆக்சலேட்டையும் சிறுநீரில் வெளியேற்றுகிறார் என்க. சிறுநீர் 1 லிட்டர் என்றால் இரண்டின் செறிவுகளின் பெருக்கற்பலன் 200 × 30 = 6,000. அதே பொருள்கள் 2 லிட்டரில் வெளியேறினால் 100 × 15 = 1,500. சிறுநீர் இரு மடங்கானது. ஆனால் பெருக்கற்பலன் பாதியாகவில்லை, நான்கில் ஒரு பங்காகிவிட்டது! இரண்டரை லிட்டரானால் 80 × 12 = 960. ஆறில் ஒரு பங்கைவிடவும் குறைவு. படிகம் உருவாக இரண்டு அயனிகள் சந்திக்க வேண்டும். நீர் கூடும்போது இரண்டுமே ஒரே நேரத்தில் நீர்த்துப் போகின்றன. தண்ணீரின் பலம் அங்கேதான் இருக்கிறது.

இது தாளில் போட்ட கணக்கு மட்டும் அன்று. முதல் முறை கல் வந்த 199 பேரை இத்தாலிய மருத்துவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரித்து ஐந்து ஆண்டு கவனித்தார்கள். 1996இல் முடிவு வெளிவந்தது. அதிகத் தண்ணீர் குடித்த குழுவில் 12 விழுக்காட்டினருக்கு மீண்டும் கல் வந்தது. வழக்கம்போல் இருந்த குழுவில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. மருந்து எதுவும் இல்லை, வெறும் தண்ணீர்.

ஒருமுறை கல் வந்தவர்கள் நாள்தோறும் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிக்கும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் நாட்டு வெயிலில் வியர்வையாகவும் நிறைய போய்விடுவதால் அதற்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டியிருக்கும். கல் இல்லாத உங்களுக்கு லிட்டர் கணக்கு தேவையில்லை; சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் நல்லது. ஆறிப்போன தேநீர் நிறத்தில் இருந்தால் நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். (வைட்டமின் பி மாத்திரை சாப்பிட்டால் பளிச்சென்ற மஞ்சள் வரும், சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டால் சிவக்கும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். டிராகன் பழம் சாப்பிடாமல் சிவந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.)

காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கு வந்து, பிற்பகல் வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காத மாணவர்களை எனக்குத் தெரியும். குறிப்பாக மாணவிகள். காரணம் கேட்டால் "கழிப்பறைக்குப் போகப் பிடிக்கவில்லை, சார்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இருப்பதை அழகுப் போட்டிக்கான விஷயமாக நினைக்கிறோம். உண்மையில் அது சிறுநீரகத்தின் விஷயம். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருந்தால் கல் மட்டுமல்ல, சிறுநீர்த்தொற்றும் எளிதாக வரும். உங்கள் பள்ளியில் நிலைமை மோசம் என்றால் வகுப்புத் தலைவர் வழியாக எழுத்தில் புகார் கொடுங்கள். தண்ணீர்ப் புட்டியை மட்டும் காலியாக வைத்திருக்காதீர்கள்.

உணவுக்கு வருவோம். கல்லில் கால்சியம் இருக்கிறது. ஆகவே பாலை நிறுத்திவிடலாம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அதே இத்தாலியக் குழு 2002இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. மீண்டும் மீண்டும் கல் வந்த 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு; மற்றப் பாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து ஆண்டுகளில் முதல் குழுவில் 23 பேருக்கும் இரண்டாம் குழுவில் 12 பேருக்கும் கல் திரும்பியது. கால்சியத்தைக் குறைத்தவர்களுக்கே அதிகம்!

விளக்கம் குடலில் இருக்கிறது. நாம் சாப்பிடும் கால்சியமும் ஆக்சலேட்டும் குடலிலேயே சந்தித்தால் அங்கேயே படிந்து மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் தனியாக இரத்தத்துக்குள் நுழைந்து சிறுநீரகத்துக்கு வரும். நம் ஊரில் பாயாம் கீரையை நெத்திலியோடு சமைப்பார்களே, அதை யார் முதலில் தொடங்கினார்களோ தெரியாது, நல்ல வேதியியல். கீரையில் ஆக்சலேட் அதிகம், நெத்திலியின் முள்ளில் கால்சியம் அதிகம். நெத்திலி உப்பை முதலில் கழுவிவிட்டால் இன்னும் நல்லது. கீரையை வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டாலும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும்.

உப்பு ஏன் கெடுதல்? சோடியம் சிறுநீரில் வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழ் சோடியம் போதும் என்கிறது. அது 5 கிராம் உப்பு. அடுத்த முறை உடனடி மீ பாக்கெட்டை வாங்கும்போது அதன் பின்பக்கத்தில் சோடியத்தின் அளவைத் தேடிப் படியுங்கள். ஒரே பாக்கெட்டில் ஒரு நாள் அளவின் பெரும்பகுதி முடிந்துவிடுவதைக் காண்பீர்கள். இறைச்சி அளவுக்கு மீறினால் யூரிக் அமிலம் கூடும், காவலாளியான சிட்ரேட் குறையும். யூரிக் அமிலமே தனியாகக் கல்லாவதும் உண்டு. இனிப்புப் பானங்களும் கல்லுக்கு உதவி செய்பவைதாம். தாகத்துக்குக் கோலா குடிப்பதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய்போல் தினமும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் அதில் ஒரு பகுதியை ஆக்சலேட்டாக மாற்றுகிறது. ஸ்வீடன் ஆண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிச் சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இன்னொன்று பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நஞ்சு. மூளையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழக்கூடையில் அதை வைத்துவிடாதீர்கள். அதேபோல், "தண்ணீரை அளந்து குடியுங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருக்கும் சிறுநீரக, இதய நோயாளிகளை இந்தக் கட்டுரையைக் காட்டி மூன்று லிட்டர் குடிக்க வைக்கவும் கூடாது.

எலுமிச்சையும் லிமாவ் கஸ்தூரியும் சிட்ரேட் தருபவை. சீனி போடாமல் தண்ணீரில் பிழிந்து குடிக்கலாம். வாழைத்தண்டுச் சாறு, மிசாய் கூச்சிங் தேநீர், பார்லித் தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். இவற்றோடு சேர்ந்து உள்ளே போகும் தண்ணீர் நன்மைதான். ஆனால் உருவாகிவிட்ட கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் சாறு எதுவும் இல்லை. யூரிக் அமிலக் கல் மட்டும் வேறு சாதி. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அது கரையும். அதற்கும் மருத்துவர் தரும் மருந்து வேண்டும். கல் சிறுநீர்க்குழாயை அடைத்துக்கொண்டு காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால், சாறு குடித்துக் காத்திருக்க நேரமில்லை. அது அவசரச் சிகிச்சைக்கு உரிய நிலை.

சிறுநீர்க்குழாயின் உள்விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் வலியைக் கொடுத்துவிட்டுத் தாமாக வெளியேறும். பெரிய கற்களை வெளியிலிருந்து அதிர்வலைகளால் உடைக்கலாம். இந்த முறை வந்த வழி சுவையானது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின்மேல் மழைத்துளி மோதும்போது உண்டாகும் அதிர்வலை அதன் உடலை எப்படிச் சேதப்படுத்துகிறது என்று ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம் ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சியே 1980இல் மியூனிக் நகரில் ஒரு நோயாளியின் கல்லை உடைப்பதில் போய் முடிந்தது. அதற்கு முன் வாழ்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸுக்கு 1658இல் சிறுநீர்ப்பையிலிருந்து பெரிய கல் ஒன்றை அறுத்தெடுத்தார்கள். அவருக்கு வயது 25. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. பிழைத்துக்கொண்ட அவர், அந்த நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாட முடிவு செய்தார்.

பீப்ஸின் கல் சிறுநீரகத்தில் அல்ல, சிறுநீர்ப்பையில் இருந்தது. இன்று அந்த இடத்தில் கல் வருபவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள். அதற்குக் காரணம் தண்ணீர்க் குறைவு மட்டுமல்ல. வெளியேறும் வாசலில் ஒரு நெருக்கடி. அந்த வாசலில்தான் புரோஸ்டேட் சுரப்பி இருக்கிறது.

இனப்பெருக்கப் பாடத்தில் அதன் பெயரைப் படித்து, படத்தில் அம்புக்குறி போட்டிருப்பீர்கள். விந்து நீர்மத்தின் ஒரு பகுதியை அது சுரக்கிறது. இளைஞர்களுக்கு அது ஒரு வால்நட் கொட்டை அளவில், 20 கிராம் எடையில் இருக்கும். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல் அமர்ந்திருக்கிறது. சிக்கலே அந்த அமைப்பில்தான். நாற்பது வயதுக்குப் பிறகு ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் சுரப்பி மெல்ல மெல்லப் பெரிதாகிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு இந்த வீக்கத்தின் அடையாளங்கள் இருக்கும். 80 வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு. மோதிரம் தடிக்கும்போது நடுவில் உள்ள குழாய் நெருக்கப்படுகிறது.

எவ்வளவு நெருக்கினால் எவ்வளவு பாதிப்பு? 1840களில் பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய் கண்டறிந்த விதிப்படி, குறுகிய குழாயில் ஒரு நொடிக்கு ஓடும் நீர்மத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். உடலில் உள்ள குழாய் இரும்புக் குழாய் அன்று. சிறுநீர்ப்பையும் கூடுதல் பலத்தோடு தள்ளும். ஆகவே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சிறிய வீக்கம் ஏன் பெரிய தொல்லையாகிறது என்பதை இது காட்டும்.

தொல்லை எப்படி இருக்கும்? கழிப்பறையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஓட்டம் மெலிந்து, விட்டு விட்டு வரும். போய்விட்டு வந்த பிறகும் மீதி இருப்பதுபோல் தோன்றும். இரவில் மூன்று, நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும். இதைத் தாத்தா யாரிடமும் சொல்ல மாட்டார். தானாகவே ஒரு வழி கண்டுபிடிப்பார்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். கோயில் திருவிழா, கல்யாணம், பாலேக் கம்போங் பயணம் என்றால் காலையிலிருந்தே குவளையைத் தொட மாட்டார்.

மேலே நாம் போட்ட கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். குடிப்பது குறைந்தால் சிறுநீரின் செறிவு கூடுகிறது. அதே நேரம், முழுதாக வெளியேறாத சிறுநீர் பையின் அடியில் குட்டைபோல் தேங்குகிறது. தட்டில் ஊற்றிச் சன்னலோரம் வைத்த உப்புக் கரைசல் நினைவுக்கு வருகிறதா? தேங்கிய நீரில் கிருமியும் வளரும், கல்லும் வளரும். தாத்தா கண்டுபிடித்த வழி, தொல்லையை இரண்டாக்குகிறது. பகலில் வழக்கம்போல் குடித்துவிட்டு, தூங்குவதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் மட்டும் குறைத்துக்கொள்வதே சரி. மாலைக்குப் பிறகு கோப்பியையும் தே தாரிக்கையும் தவிர்க்கலாம்.

இன்னொரு செய்தி, உங்கள் வீட்டுக்கு உடனே பயன்படக்கூடியது. மூக்கடைப்பு, சளிக்கு நாமாகவே வாங்கும் சில மாத்திரைகள், குறிப்பாகச் சூடோஎஃபெட்ரின் உள்ளவையும் தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகளும், புரோஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடியோடு நிறுத்திவிடலாம். வயிறு உப்பிக் கடுமையாக வலிக்கும். ஒரு சொட்டும் வராது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாத்தாவுக்குச் சளி மாத்திரை வாங்க உங்களை அனுப்பினால், "எழுபது வயதுக்காரருக்கு, சிறுநீர்ப் பிரச்சினை உண்டு" என்று மருந்தகத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.

வயதாகிப் பெரிதாகும் இந்த வீக்கம் புற்றுநோய் அன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் வரலாம். மலேசிய ஆண்களிடம் அதிகம் காணப்படும் மூன்று புற்றுநோய்களில் அது ஒன்று. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால் குழாயை நெருக்குவதில்லை. ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இராது. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்திருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதன் எண் உயர்ந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. சாதாரண வீக்கத்தாலும் தொற்றாலும்கூட உயரும். எப்போது அதை எடுப்பது, உயர்ந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வானொலியிலும் கைப்பேசியிலும் வரும் 'புரோஸ்டேட் மூலிகை' விளம்பரங்களுக்குப் பணம் கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றில் அடிக்கடி இடம்பெறும் சா பால்மெட்டோ என்னும் பனை வகையின் சாற்றை அமெரிக்காவில் ஆராய்ந்து 2006இலும் 2011இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறும் மாவு மாத்திரையைவிட அது மேலாக இல்லை. குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும் மருந்துகளும் சுரப்பியைச் சுருக்கும் மருந்துகளும் மருத்துவரிடம் இருக்கின்றன. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

அங்கே தாத்தாவை எப்படி அழைத்துப் போவது? "ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க தாத்தா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்று எழுந்து போய்விடுவார். தனியாக இருக்கும்போது, இந்தக் கணக்கைக் காட்டிப் பேசிப் பாருங்கள். கல்லுக்குப் பயந்தாவது ஒப்புக்கொள்வார். இரவில் அடிக்கடி எழுவதற்கு நீரிழிவும் காரணமாக இருக்கலாம். அதனால் கிளினிக்கில் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்ப்பார்கள்.

போகும் முன் மூன்று நாள் குறிப்பு ஒன்றைத் தயாரிக்க நீங்கள் உதவலாம். ஒரு தாளில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் போனது என்று எழுதச் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். மருத்துவர் பத்துக் கேள்வி கேட்டு அறிவதை அந்தத் தாள் ஒரே பார்வையில் சொல்லிவிடும். அளப்பதற்கு மில்லிலிட்டர் குறியிட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று போதும். அதன்மேல் 'தாத்தா' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்; பாட்டி அதை மாவு அளக்க எடுத்துப் போய்விடக் கூடாது.